ஐந்தாம் துளையில் ஒரு கீறல்

தடயத்தைக் கழுவக் கூடாது என்பது துப்பறியும் தொழிலின் முதல் பாடம். அந்தப் பாடம் எடுக்கப்பட்டபோது நான் டீ வாங்கப் போயிருந்தேன்.

அதனால்தான் அன்று காலை, பல் டாக்டர் எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போன மவுத் ஆர்கனை வெந்நீரில் ஊறவைத்து, பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் துளை துளையாகத் தேய்த்து, ஜன்னலோரம் வெயிலில் காயவைத்தேன். நல்ல எண்ணம்தான். என் வாழ்க்கையில் நடந்த எல்லா விபத்துகளுக்குப் பின்னாலும் ஒரு நல்ல எண்ணம் கைகட்டி நின்றுகொண்டிருக்கும்.

அண்ணி அலுவலகத்துக்கு வந்தபோது, மவுத் ஆர்கனின் உள்ளே இருந்த மரச்சட்டம் தண்ணீர் குடித்து உப்பி, இரண்டு தகடுகளுக்கும் நடுவே சீப்புப்போல வெளியே துருத்திக்கொண்டிருந்தது. பல் டாக்டரின் மவுத் ஆர்கனுக்குப் பல் முளைத்திருந்தது.

"இது என்ன?"

"தடயம், அண்ணி."

"நேத்து இப்படி இல்லையே."

"நேத்து அழுக்கா இருந்துச்சு."

அண்ணி கத்த மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறார் என்பதை வைத்து என் குற்றத்தை எடைபோட்டுக்கொள்ளலாம். அன்று கண்ணாடியே கரைந்துவிடும் என்று பயந்தேன்.

"பதிலுக்கு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன்" என்று அவசரமாகப் பையிலிருந்து எடுத்து, பல் முளைத்ததன் பக்கத்தில் வைத்தேன். "டாக்டருக்கு வித்தியாசமே தெரியாது."

"இதுல வாத்துப் படம் போட்டிருக்கு."

"சின்ன வாத்துதான்."

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. இந்தத் துப்பறியும் நிலையத்தின் முதலாளியும் மூளையும் அவர்தான். நான் உதவியாளன். நான் இங்கே வேலை பார்க்கிறேன் என்பதற்கு வாசலில் கிடக்கும் செருப்பைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. பல வேலைகளை நான் விட்டு, மிச்ச வேலைகள் என்னை விட்டு, கடைசியில் அண்ணன் வீட்டு ஹாலில் பாய் விரித்தவன் நான். 'பாவம், அவனை எங்கேயாவது உட்கார வை' என்று அண்ணன் கெஞ்சித்தான் அண்ணி என்னைச் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதைப் பலமுறை அவரிடமே கேட்டிருக்கிறேன். ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் பதில் பிடுங்கத் தெரிந்த அண்ணிக்கு, இந்தக் கேள்வி மட்டும் காதில் விழாது.

வழக்கு இதுதான்.

முந்தின நாள் வந்த பல் டாக்டர், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அதை நேராகத் திருப்பிவைத்தார். பிறகு என்னை நிமிர்ந்து உட்காரச் சொன்னார். பிறகு சுவரிலிருந்த காலண்டரைச் சரிசெய்தார். உலகம் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது, அதைச் சரிசெய்ய ஒரே ஒரு ஆளைத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்ற களைப்பு அவர் முகத்தில் இருந்தது.

"இதைக் கேளுங்க" என்று மவுத் ஆர்கனை எடுத்து, ஐந்தாவது துளையில் கன்னம் உப்ப ஊதினார். மேசை மேலிருந்த டம்ளர் நடுங்கியது. "கேட்டீங்களா? சுரம் இறங்கிப்போச்சு. நானும் புதுசு புதுசா வாங்குறேன். கொஞ்ச நாள்ல அதே துளை, அதே மாதிரி இறங்குது. எல்லாம் என் மச்சான் வேலை."

மச்சான் என்பது டாக்டர் மனைவியின் தம்பி. கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், கண்ணும் பரிசோதிப்பவர், அக்கா வீட்டிலேயே இருப்பவர். டாக்டர், மனைவி, மச்சான் மூன்று பேரும் சேர்ந்து ஒரு மவுத் ஆர்கன் குழு. ஒருவர் பல்லைப் பார்க்கிறார், ஒருவர் கண்ணைப் பார்க்கிறார், வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை போலிருக்கிறது.

"நான் நேரா வாசிக்கிறவன். அவன் சுரத்த வளைச்சுக் குழைச்சு வாசிக்கிறவன். அப்படி வளைச்சா உள்ள இருக்கிற ரீடு தாங்குமா? நான் இல்லாதப்ப என்னோடத எடுத்து வாசிக்கிறான். ஒருநாள் கையும் களவுமாப் பிடிச்சேன். என் மவுத் ஆர்கன் அவன் கையில, பக்கத்துல ஸ்க்ரூ டிரைவர். என்னடான்னு கேட்டா, 'சும்மா மாமா'ங்கிறான். அடுத்த வாரம் ஆஸ்பத்திரி ஆண்டு விழாவுல வாசிக்கணும். நாளைக்குச் சாயங்காலம் ஒத்திகை. அதுக்குள்ள நிரூபிச்சுக் கொடுங்க. குழுவுலேர்ந்தும் வீட்டுலேர்ந்தும் சேர்த்து அனுப்பிடறேன். பெட்டி வாசல்லயே இருக்கு."

"பெட்டியக் கட்டினது யாரு?" என்றார் அண்ணி.

"அவனேதான்."

டாக்டர் போனதும் நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். "குத்தவாளிதான் அண்ணி முன்னாடியே பெட்டி கட்டுவான்."

"விசாரணை வேண்டாம்னு நெனைக்கிறவனும் கட்டுவான்" என்றார் அண்ணி.

இப்போது, பல் முளைத்த தடயம் மேசை மேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"உன் புண்ணியத்துல இத இனிமே வாசிக்க முடியாது. பிரிக்கத்தான் முடியும்" என்று அண்ணி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். மேல் மூடி வந்தது. அதற்கடியில் பித்தளைத் தகடு. தகட்டில் வரிசையாக மெல்லிய பித்தளை நாக்குகள். ஊதும் காற்றில் நடுங்கிச் சத்தம் கொடுக்கும் ரீடுகள் அவைதான். ஒவ்வொரு துளைக்கும் ஊதும்போது பேச ஒன்று, உறிஞ்சும்போது பேச ஒன்று. நான் போட்ட சோப்பில் எல்லாம் கல்யாண வீட்டுக் குத்துவிளக்குப்போல மின்னின.

அண்ணி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். எனக்கு எல்லாம் ஒரே மங்கலாகத் தெரிந்தது. ஆனாலும் "ஆமாம்" என்றேன்.

"என்ன ஆமாம்?"

"நீங்க எதச் சொல்லப்போறீங்களோ, அது ஆமாம்."

"அஞ்சாவது துளை. ஊதுற ரீடு. நுனியில பொடிப்பொடியாக் கீறல். யாரோ சுரண்டியிருக்காங்க. மத்த எதுலயும் இல்ல. அழுக்கோட இருந்திருந்தா தெரிஞ்சிருக்காது." அண்ணி எழுந்தார். "அந்த வாத்தையும் எடுத்துக்கோ."

ஸ்கூட்டரில் போகும்போது பின்னாலிருந்து கேட்டேன். "அண்ணி, அண்ணன் கெஞ்சித்தானே என்னச் சேர்த்தீங்க?"

"லாரி வருது, காலை உள்ள வை" என்றார்.

கண்ணாடிக் கடையில் சுவர் முழுக்கக் கண்ணில்லாத கண்ணாடிகள் என்னையே முறைத்தன. மச்சான் ஒல்லியானவர், மெதுவாகப் பேசுகிறவர், எதையும் நகர்த்தும்போது சத்தம் வராமல் நகர்த்துகிறவர். கடைக்கு வந்த வாடிக்கையாளன்போல நான் நடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"கடைசி வரியப் படிங்க."

"எந்தக் கடைசி வரி?"

"அதுக்கு மேல உள்ளது?"

"அதுக்கு மேல ஒண்ணு இருக்கா?"

அவர் விளக்கை அணைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "என்ன வேலை பாக்கிறீங்க?"

"துப்பறியறேன்" என்று சொல்லிவிட்டேன்.

என் நடிப்பு அத்தோடு முடிந்தது. அண்ணி ஒரு பெருமூச்சோடு முன்னால் வந்து, யார், எதற்கு என்று சொல்லி, நேராக விஷயத்தில் இறங்கினார். "நீங்க சுரத்த வளைச்சு வாசிப்பீங்களாமே. கொஞ்சம் வாசிச்சுக் காட்டுவீங்களா?"

மச்சான் மேசை இழுப்பறையிலிருந்து தன்னுடையதை எடுத்தார். மூடியில் பூச்செல்லாம் போய், விரல் பட்ட இடம் குழிந்து, மிகப் பழையதாக இருந்தது. வாயில் வைத்தார். சுரம் ஒன்று நேராகப் புறப்பட்டு, நடுவழியில் யாரையோ நினைத்துக்கொண்டதுபோலத் தழைந்து, மறுபடி தன் இடத்துக்கு வந்தது. அடுத்த அறையில் யாரோ வாசிப்பதுபோல அவ்வளவு மெதுவாக இருந்தது. நான் டாக்டரின் ஊதலை நினைத்துக்கொண்டேன். என் காதும் நினைத்துக்கொண்டது.

"இவ்வளவு வளைச்சா ரீடு கெட்டுப்போகாதா?" என்றார் அண்ணி.

"பலமா இழுத்து வளைச்சாக் கெடும், மேடம். சீக்கிரமே களைச்சுப் போயிடும், சுரம் இறங்கும், ஒருநாள் ஒடிஞ்சே போகும். பலம் வேண்டியதில்ல. வாய்க்குள்ள நாக்கக் கொஞ்சம் பின்னாடி இழுத்து எடத்த மாத்தினாப் போதும், காத்து தானா வளைக்கும். இது நான் காலேஜ்ல படிக்கிறப்ப வாங்கினது. இன்னும் ஒரு சுரம் பிசகல."

"அப்படி அஞ்சாவது துளையில ஊதி வளைக்கலாமா?"

"அது வளையாது மேடம். அந்த எடத்துல ஊதினா நேராத்தான் வரும். வளைக்கிறவன் அங்க போகவே மாட்டான்."

சொல்லிவிட்டுத்தான் எங்கே கால் வைத்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. அண்ணி பித்தளைத் தகட்டை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். "கெட்டது அந்த ரீடுதான். நுனியில கீறல் இருக்கு."

மச்சான் தகட்டைப் பார்த்தார். ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். இந்தக் கண்ணாடி போட்ட வர்க்கமே இப்படித்தான்.

"நான்தான் சுரண்டினேன். மாமாவோடதக் கெடுக்கணும்னு சுரண்டினேன். சுரண்டினா சுரம் இறங்கும். போதுமா? எழுதிக்குங்க."

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. எங்கள் நிலையத்தின் வரலாற்றில் நான் கூட இருக்கும்போது ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொள்வது அதுதான் முதல் தடவை. எழுத பேனா தேடினேன்.

அண்ணி தேடவில்லை. "பிரேம் ராவுற அந்தச் சின்ன அரம் குடுங்க" என்று மச்சானிடம் வாங்கிக்கொண்டு, என்னிடம் திரும்பி, "வாத்த எடு. அஞ்சாவது துளையில ஊது" என்றார்.

ஊதினேன். வாத்துக்குப் பொருத்தமான சத்தம்தான் வந்தது. அண்ணி அதைப் பிரித்து, அதே ரீடின் நுனியை அரத்தால் பூப்போல நாலு இழுப்பு இழுத்து, மூடிக் கொடுத்தார். மறுபடி ஊதினேன்.

சுரம் ஒரு படி ஏறியிருந்தது. சங்கீதம் நடக்கும் தெருவில் குடியிருந்தாலும் தொற்றாத என் காதுக்கே அது கேட்டது.

"நுனி லேசானா சுரம் ஏறும்" என்றார் அண்ணி. "எறங்கிப்போன ரீட யாரோ ஏத்தி ஏத்திச் சரிபண்ணியிருக்காங்க. கெடுக்க நெனைக்கிறவன் எதுக்குங்க ரிப்பேர் பண்ணணும்?"

மச்சான் லென்ஸை வைத்துவிட்டார்.

"மேடம், நான்தான்னு ஒத்துக்கிட்டேன். பெட்டியும் கட்டியாச்சு. இன்னும் ஏன் தோண்டுறீங்க? விழா நல்லபடியா முடியட்டும். விட்டுடுங்க."

"யாரக் காப்பாத்துறீங்க?"

"தம்பிக்குப் பவர் நெறைய இருக்கு" என்று அவர் என்னைக் காட்டினார். "சீக்கிரம் கண்ணாடி போடச் சொல்லுங்க. சாலையக் கடக்கிறப்ப பயமா இருக்கு."

வெளியே வந்ததும் நான் யோசித்தேன். யோசித்ததில் ஒரு கதை கிடைத்தது. "கண்டுபிடிச்சுட்டேன் அண்ணி. அக்காதான். தம்பி அக்காவக் காப்பாத்துறான். அந்தம்மா ராத்திரி பகல்னு ரகசியமா எடுத்து ஊதுறாங்க. இது எப்படி?"

"நல்லா இருக்கு. யாருக்காவது வித்துடு" என்றார் அண்ணி, ஸ்கூட்டரை உதைத்தபடி.

"அப்ப இதையாவது சொல்லுங்க. அண்ணன் கெஞ்சித்தானே..."

ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது. நான் பின்னால் ஓடி ஏறிக்கொண்டேன்.

டாக்டர் வீட்டின் முன்பக்கத்திலேயே இருந்த பல் ஆஸ்பத்திரியில் கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேற, ஒத்திகைக்கு நாற்காலிகள் போடப்பட்டன. கண்ணாடி அலமாரியில் பிளாஸ்டர் பல்செட்டுகள் வரிசையாக இளித்தன. சுவரில் டாக்டர் தன் கைப்பட எழுதி மாட்டிய அட்டை: 'அழுத்தித் தேய்க்காதீர்கள். அழுத்தினால் தேய்வது அழுக்கல்ல, பல்.' வாசலோரம், குடைகளுக்குப் பக்கத்தில், மச்சானின் பழுப்புநிறப் பெட்டி நின்றது. வரவேற்பு மேசையில் டாக்டரின் மனைவி. நடுத்தர வயது, உருண்டை முகம். எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. டோக்கன் கொடுப்பதுபோல ஒரு பார்வை.

மச்சான் வந்து பெட்டியைப் பார்க்காமல் தாண்டிப் போய் உட்கார்ந்தார்.

"நிரூபிச்சுட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"ஒத்திகை முடியட்டும்" என்றார் அண்ணி. "எப்பவும் பண்ற மாதிரியே பண்ணுங்க. நாங்க ஓரமா உக்காந்துக்கிறோம்." உட்காரும்போது, டாக்டரின் மேசையிலிருந்து ஒரு காலித் தட்டையும், பல்லுக்கு நடுவே வைக்கும் பஞ்சு உருளைகள் நிறைந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. அவர் பஞ்சு எடுத்தால் அது என் வாய்க்காகவும் இருக்கலாம்.

டாக்டர் புத்தம்புது மவுத் ஆர்கனை எடுத்தார். போன வாரம் வாங்கியதாம். "எல்லாரும் நிமிர்ந்து உக்காருங்க. ஆரம்ப சுரம்." கன்னம் உப்ப ஐந்தாவது துளையில் ஊதினார். பல்செட்டுகள் கடகடத்தன.

அண்ணி ஒரு பஞ்சைத் தட்டில் போட்டார்.

மூவரும் வாசித்தார்கள். இரண்டு வரி போவதற்குள் டாக்டர் கையைத் தூக்கினார். "மச்சான், நீ மேல போற. இதான் சுரம்." ஊதினார். ஒரு பஞ்சு. மறுபடி தொடங்கினார்கள். "நீயும் மேல போற" என்றார் மனைவியிடம். ஊதினார். ஒரு பஞ்சு. "காதுல விழலையா? இதான்." இன்னும் பலமாக ஊதினார். ஒரு பஞ்சு. பாட்டு நகரவே இல்லை. தட்டு மட்டும் நிறைந்துகொண்டே போனது. சரிவில் நின்ற ஒரு பஞ்சு உருண்டு என் காலடியில் விழுந்தது.

"என்னங்க, என் பஞ்ச எல்லாம் வீணாக்குறீங்க?" என்று டாக்டர் எழுந்தேவிட்டார்.

"நீங்க அஞ்சாவது துளையில ஊதின ஒவ்வொரு தடவைக்கும் ஒண்ணு போட்டேன், டாக்டர்" என்றார் அண்ணி. "பாட்டு இன்னும் முதல் வரியத் தாண்டல."

டாக்டர் தட்டைப் பார்த்தார்.

"இப்ப அதையே மெதுவா ஊதுங்க. நோயாளி பயப்படாம வாயத் திறக்கணும்னா எப்படிப் பேசுவீங்க, அப்படி."

அவர் மெதுவாக ஊதினார். மச்சானும் அக்காவும் தங்கள் சுரத்தைப் பிடித்தார்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒட்டின.

"இப்ப நீங்க எப்பவும் ஊதுற மாதிரி."

கன்னம் உப்பியது. சுரம், பாரம் வைத்த கொடிக்கயிறுபோலத் தொய்ந்து கீழே போனது. மற்ற இரண்டும் நகராமல் மேலே நின்றன.

"அவங்க மேல போகல டாக்டர், நீங்க கீழ போறீங்க. அவங்களத் திருத்தணும்னு பலமா ஊதுறீங்க. பலமா ஊத ஊத சுரம் எறங்குது. எறங்க எறங்க அவங்க மேல போறதா நெனைச்சு இன்னும் பலமா ஊதுறீங்க. ஒரே ரீடு நாள் முழுக்க இந்த அடிய வாங்கினா களைச்சு நெரந்தரமா எறங்கிடும்." அண்ணி சுவரிலிருந்த அட்டையைக் காட்டினார். "நான் புதுசா ஒண்ணும் சொல்லல. நீங்களே எழுதி மாட்டியிருக்கீங்க."

டாக்டரின் வாய் திறந்தது. தினமும் ஊரார் வாயைத் திறக்கவைத்துப் பதில் பேச முடியாமல் செய்கிற மனிதர், முதல்முறையாக அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"அப்ப அந்த ஸ்க்ரூ டிரைவர்?"

"எறங்கினத ஒவ்வொரு தடவையும் ஏத்தி வெச்சது உங்க மச்சான். கெடுத்தது நான்தான்னு எங்ககிட்ட ஒத்துக்கவும் செஞ்சார். பாவம், பொய் சொல்லப் பழக்கமில்ல."

டாக்டர் திரும்பினார். குரலில் காற்றுக் குறைந்திருந்தது. "ஏன்டா, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

மச்சான் தன் பழைய மவுத் ஆர்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சொன்னா நீங்க சுரம் குடுக்கிறத நிறுத்திடுவீங்க மாமா. மனசு விட்டுப்போயி குழுவையே கலைச்சிடுவீங்க. அக்கா வாய் விட்டுச் சிரிக்கிறது இங்க ஒக்காந்து வாசிக்கிறப்ப மட்டும்தான்."



டாக்டர் எழுந்து வாசலுக்குப் போனார். பழுப்புநிறப் பெட்டியை உள்ளே கொண்டுபோகக் கைப்பிடியைப் பிடித்து, கனத்துக்குத் தயாராகப் பலமாக இழுத்தார். பெட்டி காற்றில் எழும்பி அவர் நெஞ்சில் இடித்தது. திறந்து பார்த்தார். உள்ளே ஒரு பாச்சை உருண்டைகூட இல்லை.

"காலியா இருக்கு" என்றார்.

"காலைலயே எடுத்து அலமாரியில அடுக்கிட்டேன்" என்றார் அவர் மனைவி, மேசையைத் துடைத்தபடி. "துப்பறியிறவங்க எது வேணா கண்டுபிடிக்கட்டும். என் தம்பி எங்கயும் போகப்போறதில்ல. பலமா இழுக்காதீங்க, கைப்பிடி வந்துடும்."

டாக்டர் பெட்டியை மூடினார். மிக மெதுவாக மூடினார். பிறகு உட்கார்ந்து, ஐந்தாவது துளையில், கேட்கிறதா இல்லையா என்ற அளவில் ஊதினார். மூன்று பேரும் தொடங்கினார்கள். இந்த முறை யாரும் கை தூக்கவில்லை. இரண்டாவது வரியில் அந்த அம்மா சிரித்துவிட்டார், வாசிப்புக்கு நடுவே.

நாங்கள் வெளியே வந்தோம். படியிறங்கும்போது எனக்குப் பெருமிதமாக இருந்தது, ஆனாலும் அந்தப் பெட்டியின் நினைவு விடவில்லை. யார் வீட்டிலோ இடம் கொடுத்ததால் இருக்கிற ஒருவன், கேட்பதற்கு முன்பே பெட்டி கட்டி வாசலில் வைத்திருந்தான். என்னிடம் பெட்டிகூட இல்லை, பாய்தான்.

"அண்ணி."

"சொல்லு."

"இந்தத் தடவை லாரி வரல, சிக்னல் இல்ல, நீங்க வண்டியில ஏறவும் இல்ல. அண்ணன் கெஞ்சினதாலதானே என்னை வெச்சிருக்கீங்க? ஆமான்னா ஆமான்னு சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

அண்ணி கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. வெறும் கண்ணோடு என்னைப் பார்த்தார்.

"உங்க அண்ணன் வேண்டாம்னுதான் சொன்னார். 'எதையாவது ஒடைச்சு வெப்பான், உன் பேரு கெட்டுடும்'னார். நான்தான் பிடிவாதமாக் கேட்டு வாங்கினேன். பொழுது விடிஞ்சா எதையாவது மறைக்கிறவங்க முகத்தத்தான் பாக்கிறேன். நீ ஒரு தப்புப் பண்ணா, நான் வர்றதுக்குள்ள அத மேசை நடுவுல வெச்சு, பக்கத்துல ஒரு வாத்தையும் வெச்சுட்டு ஒக்காந்திருக்கே. எனக்கு அந்த மாதிரி ஒரு ஆள் பக்கத்துல வேணும்."